சோப்பில் வெட்டிய பிரமிடு

காலை ஐந்து ஐம்பது. கூடுவாஞ்சேரியில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் ஃப்ளாட்டில் குளியலறை விளக்கைப் போட்டேன். முதலில் கண்ணில் பட்டது சோப்பு வைப்பதற்காகச் சுவரில் பதித்திருந்த பீங்கான் குழி. அதில் சோப்பு இல்லை, ஈரமும் இல்லை. ஒரு சீப்பு மட்டும் கிடந்தது. பக்கத்திலேயே பிளாஸ்டிக் பாட்டிலில், அழுத்தினால் கொழகொழவென்று வரும் ஊதா நிறச் சோப்பு. லாவெண்டர் என்று எழுதியிருந்தது. லாவெண்டர் பூவை நான் பார்த்ததில்லை. சரிபார்க்க வழியில்லாத செய்தியை நம்பிவிடக் கூடாது என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனாலும் குளித்தாக வேண்டுமே.

வெளியே வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"கட்டி சோப்பே கிடையாதாம்மா?"

"அத்த யாரு வாங்குறா இப்போ? கீழ வுழுந்தா உங்கப்பாவால குனிஞ்சு எடுக்க முடில," என்றாள். பிறகு அப்பா பால்கனியில்தான் இருக்கிறார் என்பதை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, குரலை இறக்கினாள். "அதுவும் இல்லாம, கட்டி சோப்பக் கையில எடுத்தா திருப்பித் திருப்பிப் பாத்துகினே நிக்கிறாரு. தண்ணி பாட்டுக்குப் போய்கினே கீது."

பாட்டில் சோப்புக்கு முகம் கிடையாது. ஓரம் கிடையாது, மூலை கிடையாது. எங்கள் வீட்டுச் சோப்புகளுக்கு ஒரு காலத்தில் இவை எல்லாமே இருந்தன, அதுவும் எண்ணிப் பார்க்கும்படியாக. அதைச் சொல்ல வேண்டுமானால் கல்பாக்கத்துக்குப் போக வேண்டும். நானாக விரும்பிப் போகிற இடம் இல்லை அது. சோப்பு வாசனைதான் அவ்வப்போது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இன்று வாசனை இல்லாததே போதுமாக இருந்தது.

அங்கே அணு ஆராய்ச்சி சார்ந்த ஓர் அலுவலகத்தில் அப்பா டிராஃப்ட்ஸ்மேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் மனதில் நினைக்கிற குழாயையும் தொட்டியையும் காகிதத்தில் வரைந்து கொடுக்கிற வேலை. நாங்கள் இருந்தது கடலோரத்து டவுன்ஷிப்பில். அங்கே வீடுகளுக்கு எழுத்து உண்டு. வீட்டின் எழுத்தைச் சொன்னால் போதும், அப்பாவின் பதவி, சம்பளம், வீட்டில் ஸ்கூட்டரா காரா என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் எழுத்து, அகரவரிசையின் தொடக்கத்தில் இருந்தது. நல்ல வீடுகளின் எழுத்துகள் கடைசியில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். சாயங்காலம் சைக்கிளை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில்தான் பிரிவோம்.

இந்த ஒழுங்கு வாரத்தில் ஒரு நாள் தலைகீழாகும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைசி எழுத்து வீடுகளின் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்காருவார்கள். தொண்ணூறுகளின் நடுவில், டவுன்ஷிப்பில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் இன்ஜினியரிங் தவிர வேறு யோசனை இல்லை. முதல் வருஷத்தில் இன்ஜினியரிங் டிராயிங் என்று ஒரு பேப்பர். ப்ளஸ் டூவில் கணக்கில் சதம் அடித்தவர்கள்கூட அதில் விழுந்து எழுந்தார்கள். விஞ்ஞானிகளான அப்பாக்களுக்கு அணுவைப் பிளக்கத் தெரியும், பிள்ளைக்குப் பிரமிடைப் பிளந்து காட்டப் பொறுமை இல்லை. அப்பா காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். டவுன்ஷிப் முழுக்க அவருக்கு 'டிராயிங் சார்' என்று பெயர். அலுவலகத்தில் யாருடைய அறைக்கு வெளியே நின்று காத்திருப்பாரோ, அவர்களுடைய மகனும் மகளும் ஞாயிற்றுக்கிழமை அவர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காக அப்பா சனிக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைப்பார்.

வகுப்புக்கு முன் பழைய செய்தித்தாள்களைத் தரை முழுக்க விரிப்பார், பென்சில் சீவலும் ரப்பர் தூளும் விழுவதற்காக. சுவரை ஒட்டி மட்டும் விரிக்க மாட்டார். அங்கே, சுவரும் தரையும் சேருகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு நீல பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருந்தார். பாதி சுவரில், பாதி தரையில். வகுப்பே அந்தக் கோட்டில்தான் தொடங்கும்.

"தரை ஒரு தளம். சுவர் ஒரு தளம். ரெண்டும் சந்திக்கிற இடம் இந்தக் கோடு," என்பார். சாக்பீஸ் டப்பாவைச் சுவருக்கு முன்னால் அந்தரத்தில் பிடிப்பார். "முன்னாலேர்ந்து பார்த்தா இது சுவர்ல என்னவா விழும்? மேலேர்ந்து பார்த்தா தரையில என்னவா விழும்? அவ்வளவுதான் டிராயிங். தளத்துக்குத் தடிமன் கிடையாது. முடிவும் கிடையாது. சுவர் முடியுறது கொத்தனாரோட பிரச்சினை."

இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில்.

அடுத்தது எனக்குப் புரியாத இடம். சுவரும் தரையும் வேறு வேறு திசையில் இருக்கின்றன, நம்மிடம் இருப்பதோ ஒரே தாள். அதனால் சுவரை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, தரையை அந்தக் கோட்டில் கீல் வைத்ததுபோலக் கீழ்ப்பக்கமாக மடக்க வேண்டும். இப்போது இரண்டும் ஒரே தாள். ஆகவே, மேலே இருந்து பார்த்த படம் தாளில் கீழே வரும். பக்கத்து வரிசை நளினி இதைக் கேட்டதும் "ஓ!" என்றாள். எல்லாருமே "ஓ" என்றார்கள். நானும் சொன்னேன். எனக்குத் தரை மடங்கவே இல்லை.

நளினி கடைசி எழுத்து வீடு. அவளும் நானும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து ரயில். டிராயிங் ஷீட்டைச் சுருட்டி வைக்கும் கறுப்புக் குழாயை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், "தம்பி, பீரங்கிய அந்தாண்ட திருப்பு" என்பார் கண்டக்டர். ரயிலில் ஒருநாள் நளினி எனக்கு உதவி செய்யப் பார்த்தாள்.

"கோட்டைப் பாக்காதடா. கோட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாரு."

பார்த்தேன். கோட்டுக்குப் பின்னால் தாள் இருந்தது.

இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அப்போது அது வேடிக்கை இல்லை. மற்றவர்களுக்குக் காகிதத்திலிருந்து எழுந்து நிற்கிற ஒன்று, எனக்கு மட்டும் படுத்தே கிடந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. காது கேட்காதவனின் அப்பா ஊருக்கெல்லாம் பாட்டு சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

முதல் ரிசல்ட் வந்த நாள். டவுன்ஷிப்பில் ஒரு வழக்கம் உண்டு. டிராயிங்கில் தேறியவர்கள் ஸ்வீட் டப்பாவோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அந்த வருஷம் எல்லாரும் தேறியிருந்தார்கள். நான் தேறவில்லை. முதலில் வந்தது நளினியும் அவள் அம்மாவும். எங்கள் அம்மா கதவைத் திறந்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே, "இவனுது ரிசல்ட் நிறுத்தி வெச்சிருக்காங்களாம், என்னமோ நம்பர் குழப்பமாம்" என்றாள். கல்லூரி நோட்டீஸ் போர்டில் என் பெயருக்கு நேரே இருந்ததை நளினி காலையிலேயே என்னோடு நின்று பார்த்தவள். அவள் தரையைப் பார்த்தாள். நான் நீலக் கோட்டைப் பார்த்தேன். நளினியின் அம்மா மட்டும் நேராக அப்பாவைப் பார்த்தார்.

"சீக்கிரம் வந்துடும் சார். நாங்க ஒண்ணும் நினைச்சுக்கல."

அன்று சாயங்காலத்துக்குள் மேஜைமேல் டப்பாக்கள் அடுக்கடுக்காக நின்றன. மைசூர்பாகு, பால்கோவா, ஜாங்கிரி. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் டப்பாவை வாங்கி அடுக்குவதும் என் வேலை. ஒவ்வொருவரும் டப்பாவைக் கொடுக்கும்போது என் கையைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தார்கள். யாரும் என் ரிசல்ட்டைக் கேட்கவில்லை. அதிலிருந்தே எல்லாருக்கும் தெரியும் என்பது தெரிந்தது. மைசூர்பாகு வாசனைக்கு இன்றும் எனக்குக் காது சூடாகும்.

அடுத்த சில வாரங்களில் புதிய மாணவர்கள் சேரும் காலம். நளினியின் தம்பியும் அந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். கூட்டுறவுக் கடை வாசலில் நளினியின் அம்மா அப்பாவை நிறுத்தினார். நான் பை தூக்கிக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன்.

"சார், உங்க பையன் முதல்ல க்ளியர் பண்ணட்டும். நீங்களும் அவன்மேல கவனம் வைக்கணும் இல்லையா? அப்புறமா சின்னவனை அனுப்பறேன். மத்தவங்களும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

கோபமே இல்லாமல், அக்கறையாகச் சொன்னார். அப்பா, "கண்டிப்பா மேடம், கண்டிப்பா" என்று இரண்டு முறை சொன்னார். ஆக, என் அரியர் தேர்வில் நின்றது என் மார்க் மட்டும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் அதில்தான் நின்றன. கடைக்குள் போன அப்பா எப்போதும் வாங்குவதைவிட நிறைய சோப்பு வாங்கினார்.

உருளைக்கிழங்கில் வெட்டினால் கறுத்துவிடும், மெழுகு பிளந்துவிடும், மரத்துக்கு நேரம் இல்லை. சோப்புதான் சரி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்புக் கட்டிச் சோப்பிலிருந்து கன உருவங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கனசதுரம், பட்டகம், உருளை, கூம்பு. டி.வி.யின் மேல் வரிசையாக நின்றன. வீடு முழுக்க ஆஸ்பத்திரி வராண்டா வாசனை. பிறகு ஒவ்வொன்றையும் என் கண்முன்னால் குறுக்கே வெட்டினார். வெட்டும் முன் ஒரு பழைய எக்ஸ்ரே தாளை அதன்மேல் சாய்த்துப் பிடிப்பார்.

"இந்தத் தாள்தான் தளம். தளம் சோப்போட எத்தனை முகத்தைத் தொடுதோ, வெட்டுமுகத்துல அத்தனை பக்கம். அதுக்கு மேல ரகசியம் ஒண்ணும் இல்ல."

அம்மா சிக்கனக்காரி. சீவல்களை டப்பாவில் சேர்த்துத் துணி துவைத்தாள். பாடம் முடிந்த உருவங்கள் குளியலறைக்குப் போயின. அப்படியாக நாங்கள் பாதிக் கூம்பால் முகம் கழுவினோம். விருந்தாளிகள் அறுகோணப் பட்டகத்தால் கை கழுவினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அணு ஆராய்ச்சிக்காரர்கள் வீடு, ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

தேர்வில் அடிக்கடி வருவது ஐங்கோண அடிப்பாகம் கொண்ட பிரமிடு, சாய்ந்த தளம் ஒன்று குறுக்கே வெட்டியது. அப்பா அதை மட்டும் பெரிய கட்டியில் மிகக் கவனமாகச் செய்தார். உச்சியைச் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, கீழ்ப்பகுதியைக் குளியலறைக் குழியில் வைத்தார்.

"கண்ணு உன்னை ஏமாத்துது. கையால பாரு. தினமும் குளிக்கிறப்போ கண்ணை மூடிக்கிட்டு, ஓரத்தை எண்ணு, முகத்தை எண்ணு. தேய்ச்சுக் குளிக்காத. எண்ணிட்டு வச்சிடு."

எண்ணினேன். உண்மையில், அந்த ஒன்றில்தான் ஏதோ நடந்தது. இருட்டில் விரல்களுக்குள் ஒரு பொருள் நின்றது. சாய்ந்த மேல்முகம், அதிலிருந்து இறங்கும் சரிவுகள், ஒரு சரிவு முடிந்து அடுத்தது தொடங்கும் கூர்மை. அது காகிதம் இல்லை. கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை, ஆனால் குளியலறையில் அதிக நேரம் இருந்தேன். அவர் அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டார். இதை அம்மாதான் பிறகு சொன்னாள்.

அப்போதுதான் சேகர் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருந்தவர். ரோட்டை அகலமாக்குகிறோம் என்று கடையை எடுத்துவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கும்வரை எங்கள் வீட்டில். வந்த மறுநாளே மாமல்லபுரம் போய், அந்தப் பெரிய உருண்டைப் பாறையை ஒற்றைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். பாறைக்குப் பக்கத்தில்கூட அவர் போகவில்லை. தூரத்தில் நின்று கையை நீட்டியிருக்கிறார். போட்டோவில் பாறை உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் ஒரு தளத்தை எப்படி ஏமாற்றுவது என்று தெரிந்தவர் அவர் மட்டும்தான்.

அவர் வந்து சில நாட்களில் என் எண்ணிக்கை மாறியது. முதலில் ஐந்து சரிவுகள் வந்துகொண்டிருந்தன. பிறகு ஒருநாள் நாலு. மறுபடி எண்ணினேன், நாலு. மறுநாளும் நாலு. கண்ணைத் திறந்து ஒருமுறை பார்த்திருக்கலாம். அப்பா மூடச் சொல்லியிருந்தார், மூடியிருந்தேன். முதலில் எண்ணியதுதான் தப்பு என்று முடிவு செய்தேன். என்னைப் பற்றி எனக்கு அப்படித்தான் அபிப்பிராயம்.

தேர்வில் அதே கேள்வி வந்தது. ஐங்கோணப் பிரமிடு, சாய்ந்த தளம், வெட்டுமுகத்தின் உண்மையான வடிவம் என்ன? ஐங்கோணத்தை வரைந்தேன். ஐந்து ஓரங்களும் உச்சியில் சேர்ந்தன. வெட்டுகிற கோட்டையும் போட்டேன். பிறகு கண்ணை மூடி, விரல்களை மேஜையில் நகர்த்தி எண்ணினேன். கேள்வித்தாள் ஐந்து என்றது, கை நாலு என்றது. நான் கையை நம்பினேன். ஓர் ஓரத்தைத் தளம் தொடாமல் போய்விட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, நாலு பக்கமுள்ள ஓர் உருவத்தை அழகாக வரைந்து, கோடுகளைக் கறுப்பாக்கி, வாழ்க்கையில் முதல்முறையாக டிராயிங் ஹாலைவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

சாயங்காலம் ஆறு மணி. அப்பா அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கேள்வித்தாளை வாங்கினார்.

"இந்தக் கேள்வி எப்படிப் போட்ட? வரைஞ்சு காட்டு."

வரைந்தேன். அவர் நின்றுகொண்டே பார்த்தார்.

"அஞ்சாவது ஓரத்தை விட்டுட்டியே?"

"அதைத் தளம் தொடலப்பா."

"தொடாம எப்படிடா போகும்? அடியிலேர்ந்து உச்சிக்குப் போறது எல்லாத்தையும் குறுக்க வெட்டுது, அதுக்கு மட்டும் வழி விட்டுப் போகுமா?"

"சோப்புல நாலுதாம்பா இருக்கு."

அப்பா குளியலறைக்குப் போனார். ஈரக் கையில் சோப்போடு திரும்பி வந்து, டியூப்லைட்டுக்கு நேரே திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரம் முழுசாக மழுங்கி, இரண்டு சரிவுகள் சேர்ந்து வழவழவென்று ஒன்றாகியிருந்தன. டி.வி. பார்த்துக்கொண்டிருந்த சேகர் மாமா தலையைத் திருப்பினார்.

"அதுவா மாமா? இன்னா சோப்போ, முதுவுல குத்திகினே இருந்துச்சு. துவைக்கிற கல்லுல வெச்சு நாலு இழுப்பு இழுத்து வுட்டேன். இப்ப எப்டி கீது பாரு, சும்மா வெண்ண மாதிரி."

"அடப்பாவி சேகரு," என்று சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள். "அது அவன் படிக்கிற சோப்புடா!"

"படிக்கிற சோப்பா?" மாமா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு இன்னாக்கா தெரியும்? பாத்ரூம்ல கீதேன்னு எடுத்து குளிச்சேன். புக்குன்னா அலமாரில வெக்க மாட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைப் பார்த்ததும் நின்றது. அவர் மாமாவைத் திட்டுவார், இல்லையென்றால் என்னை என்று நினைத்தேன். அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் சோப்பைத் துண்டால் ஒற்றித் துடைத்தார்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கணும். தப்பு என்னுது," என்றார். சோப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பழையபடி குழியிலேயே வைத்தார்.

ரிசல்ட் வந்தபோது கொஞ்சம் மார்க்கில் போயிருந்தது. அம்மா கடைசிவரை அந்தச் சோப்பைத்தான் குற்றம் சொன்னாள். மற்றக் கேள்விகளை நான் எப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். சோப்பு மட்டும் காரணம் இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு நின்று மாதங்களாகியும், அப்பா பழையபடி சட்டை மாற்றிக்கொண்டார். செய்தித்தாள்களைத் தரையில் விரித்தார், சாக்பீஸ் டப்பாவை எடுத்து வைத்தார். ஒன்பது அடித்தது. ஒன்பதரை ஆயிற்று. தெருவில் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் அம்மா சமையலறையில் கரண்டியை நிறுத்தினாள். பிறகு அப்பா கீழே உட்கார்ந்து, விரித்த தாள்களைப் படிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய் அடுத்த தாளின் பக்கத்தில் உட்காருவார். பழைய செய்திகள், பாதி கிழிந்தவை. நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவர் படிக்கவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. ஒரு தாள் தலைகீழாக இருந்தது. அவர் அதையும் அதே நிதானத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பிறகு செய்தித்தாள் வேலைக்கு வந்தேன். ஊர்வலத்தையும் விபத்தையும் கல்யாணத்தையும் ஒரு பக்கத்தில் படுக்கவைக்கிற வேலை. இது எனக்குச் சுலபமாக வந்தது. ஏன் என்று உங்களுக்குப் புரியும்.

மூன்றாவது முறை தேறினேன். பார்த்துத் தேறவில்லை. முந்தைய வருஷக் கேள்விகளின் விடைகளைக் கோடு கோடாக மனப்பாடம் செய்து, இந்தக் கேள்விக்கு இந்தக் கோடுகள் என்று இறக்கிவிட்டு வந்தேன். அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மார்க் ஷீட்டைப் பார்த்தார், மடித்து வைத்தார். மறுநாள் செங்கல்பட்டுக்குப் போய் ஒரு பெரிய டப்பா நிறைய மைசூர்பாகு வாங்கி வந்தார். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"நீயும் வா."

எங்கள் வீட்டுக்கு டப்பாக்கள் வந்துதான் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து டப்பா வெளியே போவது அதுவே முதல் முறை. கடைசி எழுத்து வீடுகளின் தெருவில் அப்பா முன்னாலும் நான் பின்னாலும் நடந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் மணியை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் டப்பா மூடியைத் திறந்து தயாராக வைத்துக்கொள்வார். நளினி வீட்டில் அவள் அம்மா வந்தார்.

"பையன் க்ளியர் பண்ணிட்டான் மேடம்," என்றார் அப்பா. டப்பாவை நீட்டியபடியே காத்திருந்தார்.

"ஓ, ரொம்ப சந்தோஷம்." ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். "சின்னவனும் முடிச்சிட்டான் சார், ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்லயே. புதுப்பட்டினத்துல ஒரு டியூஷன் சென்டர் வந்திருக்கே, அங்கதான் எல்லாரும் போனாங்க. கம்ப்யூட்டர்லயே காட்டுறாங்க. பிரமிடு அப்படியே சுத்துது!"

"எந்தப் பக்கமா சுத்துது மேடம்?" என்று கேட்டார் அப்பா. கேலியே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அது... சுத்துது சார்."

"சரிங்க மேடம்."

எல்லா வீட்டிலும் ஒரு துண்டு எடுத்தார்கள், சில வீடுகளில் பாதி. வீடு திரும்பியபோது டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். "எல்லாருக்கும் சுகர் வந்துடுச்சு போல," என்று சொல்லிவிட்டு அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்தச் சட்டை பிறகு அலுவலகத்துக்குப் போடுகிற சட்டைகளோடு சேர்ந்துவிட்டது.

இன்று அந்தப் பக்கம் போனால் எதையும் காட்ட முடியாது. டியூஷன் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. நளினி எங்கோ வெளிநாட்டில். சேகர் மாமா கேளம்பாக்கம் பக்கம் டயர் கடை வைத்து, ஒரு நல்ல நாளில் மாரடைப்பில் போனார். பாறை போட்டோ மட்டும் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் முதுகில் அந்தக் கறுப்புக் குழாயைப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. சிவப்புச் சோப்பு கிடைக்கிறது, ஆனால் நடுவில் இடுப்பு வைத்து, ஓரமெல்லாம் வளைத்து, கைக்கு இதமாகவே அச்சடித்து விற்கிறார்கள். மாமா கேட்ட சோப்பு.

அப்பா ஓய்வு பெற்றது இரண்டாயிரத்துக்குப் பிறகு. டவுன்ஷிப் வீட்டை எப்படி வாங்கினோமோ அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். பார்வையிட வந்தவர் ஹாலில் நின்றார்.

"அண்ணாத்த, இன்னா இது நீலமா? பெயின்ட்டா? இத்த எடுத்துடு. இல்லாங்காட்டி சேதம்னு எழுதிடுவாங்க."

லாரி வாசலில் நின்றது. சாமான்கள் ஏறிவிட்டன. அப்பா பக்கத்து வீட்டில் தின்னர் வாங்கி வந்து, பழைய பனியன் துணியை நனைத்து, சுவர் ஓரமாக உட்கார்ந்தார். நான் துடைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பாட்டிலை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உட்கார்ந்தபடியே நகர்ந்து போனார். முதலில் சுவரில் இருந்த பாதி, பிறகு தரையில் இருந்த பாதி. முடித்ததும் கையை நீட்டிப் பார்த்தார். விரல்களெல்லாம் நீலம்.

கை கழுவ அந்த வீட்டில் சோப்பு இல்லை.